அளந்ததை அளந்தபடி எழுதுவோம்!

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான். மதிப்பெண் குறையுமே என்றஞ்சி, செய்முறை ஏட்டில் விடைக்கு ஒத்துவராத அளவீடுகளைத் திருத்தியிருக்கிறேன். நம்மில் பலருக்கும் இது வழக்கமே!

கண்ணுக்குப் புலப்படாத கரும்பொருளின் துகள்கள் மோதி அழிந்தால் பாசிட்ரான்கள் பிறக்கலாம் என்பது ஒரு கருத்து. அவற்றை அண்டக் கதிர்களில் தேட, 2011-இல் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் ஏ.எம்.எஸ். என்னும் கருவி பொருத்தப்பட்டது. 2013-இல் வெளிவந்த அதன் முதல் முடிவுகளில், உயர் ஆற்றலில் எதிர்பார்த்ததைவிடப் பாசிட்ரான்கள் மிகுந்திருந்தன. ஆயினும் 'கண்டுவிட்டோம்' என்று அறிவியலார் முழங்கவில்லை. பல்சார் என்னும் துடிப்பு விண்மீன்களும் அவற்றை உமிழக்கூடுமே!

இதைத் தோல்வி என்பார் உளர். நான் ஒப்பமாட்டேன். ஐயத்தையும் மறைக்காமல் சொல்வதே அறிவியல். மதிப்பெண் குறைந்தாலும் இனி என் ஏட்டில் பொய் இராது. நண்பர்களே, நீங்கள்?