மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் என்ன இருக்கு?

தஞ்சாவூர் பக்கம் இருக்கும் என் மாமியார் வீட்டில், ஃப்ரிட்ஜுக்கு முன்னால் எப்போதும் ஒரு மரப்பலகை கிடக்கும். "வெறுங்காலோட திறந்தா சுர்ருங்கும். பலகை மேல நின்னுக்கோம்மா" என்பார் அத்தை. அவருக்கு அது பழகிப்போன விஷயம். போன கோடை விடுமுறையில் என் 5 வயது மகள் குளித்த ஈரத்தோடு ஓடிவந்து ஃப்ரிட்ஜ் கதவைத் தொட்டு, வீலென்று அலறிய பிறகுதான் எங்களுக்குப் புத்தி வந்தது. நல்லவேளை, கையை உதறிக்கொண்டாள்.

மறுநாள் வந்த எலெக்ட்ரீஷியன் அண்ணன் மெயினை அணைத்துவிட்டு பிளக் பாயின்டைக் கழற்றிக் காட்டினார். 40 வருடப் பழைய வயரிங். முன்பு இரண்டு ஓட்டை பிளக்தான் இருந்திருக்கிறது. ஃப்ரிட்ஜ் வாங்கியபோது யாரோ மூன்று ஓட்டை பாயின்ட் மாற்றியிருக்கிறார்கள். ஆனால், பின்னால் சிவப்பு, கறுப்பு என இரண்டே ஒயர்கள். மேலே உள்ள பெரிய ஓட்டை வெறும் அலங்காரம்!

அந்த ஓட்டைதான் எர்த். ஃப்ரிட்ஜ், கிரைண்டர், வாஷிங் மெஷினில் மின்சாரம் கசிந்து உடல்பகுதிக்கு வந்தால், அதை மண்ணுக்குக் கொண்டுபோவது அந்த ஒயர். அது இல்லையென்றால், தொடுகிறவர் வழியாகத்தான் மின்சாரம் மண்ணுக்குப் போகும்.

பழைய வீட்டில் பிளக் பாயின்ட் மாற்றும்போது இவற்றைக் கேட்டு வாங்குங்கள்:

* சாக்கெட் மூன்று ஓட்டையாக இருக்க வேண்டும், எர்த் முனை எர்த்தோடு நிரந்தரமாக இணைந்திருக்க வேண்டும் என்பது ஐ.எஸ். 732 விதி. எர்த் ஒயர் இல்லாவிட்டால், தனியாக ஒன்று இழுக்கச் சொல்லுங்கள்.

* சிலர் வேலை சுலபமாக முடிய, நியூட்ரலையும் எர்த்தையும் சின்ன ஒயரால் பாயின்டிலேயே இணைத்துவிடுவார்கள். கூடவே கூடாது. வழியில் நியூட்ரல் அறுந்தால், பழுதே இல்லாத மெஷினின் உடல் முழுக்க 230 வோல்ட் நிற்கும்.

* சுவிட்ச் ஃபேஸ் ஒயரில்தான் வர வேண்டும். நியூட்ரலில் இருந்தால், அணைத்த பிறகும் பாயின்டில் கரன்ட் இருக்கும்.

* 2,000 வாட் கீசர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் பாயின்டைக் கழற்றிவிட்டு 16 ஆம்பியர் பாயின்ட் வைத்தால் மட்டும் போதாது. சுவருக்குள் இருக்கும் மெல்லிய ஒயர் சூடாகி உருகும். தடிமனான ஒயரில் தனி லைன் வேண்டும்.

* மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வையுங்கள். கசிவு தெரிந்ததும் கண்ணிமைப்பதற்குள் மின்சாரத்தைத் துண்டிக்கும். எம்.சி.பி. இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். அது ஒயரைத்தான் காக்கும், ஆளைக் காக்காது.

சாக்கெட் வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 1293 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். இதெல்லாம் நாமே ஸ்க்ரூ டிரைவரோடு இறங்கும் வேலை இல்லை. உரிமம் உள்ள எலெக்ட்ரீஷியனை அழையுங்கள். பக்கத்தில் நின்று கேள்வி கேட்பது மட்டும் நம் வேலை.

மாமியார் வீட்டில் கொல்லையில் புதிதாக எர்த் குழி தோண்டி, வீடு முழுக்கப் பச்சை ஒயர் இழுத்தாயிற்று. அந்த மரப்பலகையில் இப்போது அத்தை உட்கார்ந்து கீரை ஆய்கிறார்.

உங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜுக்கு முன்னால் பலகையோ, ரப்பர் செருப்போ கிடக்கிறதா? இன்றே எலெக்ட்ரீஷியனுக்கு ஒரு போன் போடுங்கள்.