காலணியைக் கழற்றினால் கடமை முடிந்ததா?

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது நம் நாட்டுப் பழமொழி. அதற்கு விளக்கவுரை வேண்டுவோர் அமெரிக்க நாட்டு விமான நிலையங்களைக் காணட்டும்! தவறியது அரசாங்க அலுவலகம். தண்டனை பெற்றவரோ பயணச் சீட்டு வாங்கிய பாமரர்!

2009-ஆம் ஆண்டு டிசம்பர் 25. ஆம்ஸ்டர்டாமிலிருந்து டெட்ராயிட் சென்ற விமானத்தில், உள்ளாடைக்குள் வெடிமருந்தை மறைத்து வந்த நைஜீரிய இளைஞன் ஒருவன் அதனை வெடிக்கச் செய்ய முயன்றான். வெடிக்கவில்லை, தீ மட்டுமே பற்றியது. பாய்ந்து சென்று அவனை மடக்கியவர் யார்? படைத் தளபதியா? உளவுத்துறை உயரதிகாரியா? அல்ல, அல்ல! உடன் வந்த பயணிகளும் விமானப் பணியாளர்களுமே! 2001 டிசம்பர் 22-இல், பாரிசிலிருந்து மியாமி சென்ற விமானத்தில் காலணிக்குள் வெடிமருந்து வைத்திருந்தவனை அடக்கியவர்களும் இத்தகைய எளிய மக்களே.

ஆட்சிப் பீடம் அப்போது என்ன செய்துகொண்டிருந்தது? டெட்ராயிட் விமானத்தில் பிடிபட்டவனின் தந்தையே, ஒரு மாதம் முன்னதாக நைஜீரியாவிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தின் படியேறி, "என் மகன் போக்கு சரியில்லை" என்ற பொருளில் எச்சரித்தார். பெற்ற மகனைக் காட்டிக்கொடுக்கும் துயரத்தையும் தாங்கிக்கொண்டு அவர் தந்த எச்சரிக்கை, கோப்பில் உறங்கிற்று! மகனின் விசா நீக்கப்படவில்லை. தகவல்கள் கையில் இருந்தும் அவற்றை இணைத்துப் பார்க்கத் தவறிவிட்டோம் என்று குடியரசுத் தலைவர் ஒபாமாவே 2010 சனவரியில் ஒப்புக்கொண்டார்.

குறை எங்கே என்று தெரிந்துவிட்டது. மருந்து எங்கே தடவினார்கள்? அமெரிக்கா செல்லும் விமானங்களில் கடைசி ஒரு மணி நேரம் இருக்கையைவிட்டு எழாதே என்றார்கள். மடியில் போர்வையும் வைக்காதே என்றார்கள். 14 நாடுகளின் பெயரைப் பட்டியலிட்டு, அந்நாட்டாருக்கும் அவ்வழி வருவோருக்கும் தனிச் சோதனை என்றார்கள். ஏப்ரலில் அந்தப் பட்டியலைத் தாமே கைவிட்டார்கள். தூங்கியது அதிகாரி, போர்வை பறிபோனது பயணிக்கு!

"பாதுகாப்பே வேண்டாம் என்கிறீரா?" என்று சிலர் சீறக்கூடும். வேண்டும், உறுதியாக வேண்டும்! 2001-க்குப் பின் விமானி அறைக் கதவுகளை வலுவாக்கிப் பூட்டினார்களே, அது பாதுகாப்பு. அதனால் எவர் மானமும் போகவில்லை. ஆனால் வரிசையில் நிறுத்தித் தடவிப் பார்க்கும் சோதனையின் இலட்சணம் என்ன? தடைசெய்யப்பட்ட பொருள்களுடன் அரசின் ஆய்வாளர்களே மாறுவேடத்தில் 70 முறை சென்று பார்த்ததில், 67 முறை பிடிபடாமல் கடந்தனர் என்ற செய்தி 2015-இல் வெளியாயிற்று. இதற்குத்தானா இத்தனை ஆர்ப்பாட்டம்?

இன்னொரு விந்தை கேளுங்கள். 2006 முதல் அங்கே பயணிகள் காலணியைக் கழற்றுவது கட்டாயம். 2013-இலோ, 85 டாலர் கட்டிப் பதிவுசெய்துகொண்டால் ஐந்தாண்டுகளுக்குக் காலணியோடு நடக்கலாம் என்று வழி திறந்தார்கள். பின்னணியை விசாரித்துத் தரும் சலுகை என்பார்கள். அந்த விசாரணையைப் பணமில்லாதவனுக்கும் செய்தால் என்ன? காசுள்ளவன் காலணி கண்ணியமானது, காசில்லாதவன் காலணி கயமையானதா? 2025 ஜூலையில்தான் காலணிக் கட்டளை எல்லோர்க்கும் நீங்கிற்று. புதிய ஏற்பாடுகள் வந்துவிட்டன என்றார்கள். வரட்டும்! பத்தொன்பது ஆண்டுகள் வெறுங்காலுடன் நின்றவர்களுக்கு என்ன மறுமொழி?

2011 செப்டம்பரில் நியூயார்க்கில், விமானத்தில் ஏறி அமர்ந்துவிட்ட நம் முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அவர்களின் மேல்சட்டையையும் காலணியையும் வாங்கிச் சென்று சோதித்தார்கள். நாடு கொதித்தது, அமெரிக்கா வருத்தம் தெரிவித்தது. நன்று! ஆனால் பெயரறியாத முதியவரிடம், கைக்குழந்தையுடன் நிற்கும் தாயிடம், எந்த அரசு வருத்தம் தெரிவித்தது? பெரியவர்க்கு நேர்ந்தால் அவமதிப்பு, எளியவர்க்கு நேர்ந்தால் நடைமுறையா?

ஆளுவோர் ஒன்றை உணரட்டும். இரு முறையும் விமானத்தைக் காத்தவர்கள், அவர்கள் ஐயுற்று வரிசையில் நிறுத்தும் அதே மக்கள். விதி வகுத்தால் காரணம் கூறுக! பயனற்றதெனத் தெரிந்தால் அன்றே நீக்குக! தவறிய அதிகாரியைத் தட்டிக் கேட்டபின், பயணியின் பையைத் தொடுக! மக்களை நம்பாத அரசு, எத்தனை கருவிகளை நிறுத்தினாலும் மக்களைக் காக்காது.