காசு கேட்காத விளையாட்டு



பள்ளிக்கூடத்துக்கு முழுப் பரீட்சை லீவு விட்டதும் மாதனூர், ஆம்பூர் பக்கத்து வீடுகளில் ஒரு கவலை ஆரம்பிக்கும். காலையில் ஷூ கம்பெனி வேன் தெருமுனைக்கு வந்து அம்மாவை ஏற்றிக்கொண்டு போய்விடும். அப்பா டேனரிக்கோ வேறு வேலைக்கோ கிளம்பியிருப்பார். பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது? பாட்டி இருந்தால் பாட்டி. இல்லாவிட்டால் போன்.

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இந்த போன் புராணம்தான். "பையன் கேமே கதி என்று கிடக்கிறான்", "கேமுக்குள் டயமண்ட் வாங்கப் பணம் போட்டுவிட்டான்", "கேமை ஒழிக்க ஏதாவது எழுதுங்களேன்" என்று ஆளுக்கொரு புலம்பல். புலம்பல் நியாயம்தான். ஆனால் கேமை ஒழிக்க நான் எழுதப் போவதில்லை. இந்தக் கடிதங்களை எழுதிய அப்பா அம்மாக்களில் பலர் சின்ன வயதில் என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியும். கான்ட்ரா என்ற வீடியோ கேமில் எட்டாவது ஸ்டேஜ் வரை போனவர்கள்தானே நீங்கள்?

மறந்திருக்க மாட்டீர்கள். தீபாவளி போனஸ் வந்ததும் யாராவது ஒருவர் சென்னை பர்மா பஜாருக்குப் போய் ஒரு வீடியோ கேம் பெட்டி வாங்கி வருவார். மேலே 'மீடியா' என்றோ 'லிட்டில் மாஸ்டர்' என்றோ 'டெர்மினேட்டர்' என்றோ போட்டிருக்கும். மஞ்சள் கேசட்டைச் செருகினால் சில நேரம் படம் வரும், சில நேரம் கோடு கோடாக வரும். எடுத்து ஊதிவிட்டு மறுபடி செருகுவோம். பெட்டி வாங்க முடியாத பிள்ளைகள் ரம்ஜானுக்குக் கிடைத்த ஈதியையோ பொங்கல் காசையோ கொண்டுபோய் வீடியோ கேம் கடையில் மணிக்கணக்கில் கொடுத்துவிட்டு வருவார்கள்.

அந்த கேசட்டில் இருந்தவற்றை ஞாபகப்படுத்திப் பாருங்கள். பெட்ரோல் தீர்வதற்குள் கார் ஓட்ட வேண்டிய ரோடு ஃபைட்டர். சிங்கத்தின் மேல் உட்கார்ந்து நெருப்பு வளையத்தைத் தாண்டும் சர்க்கஸ் சார்லி. பனியில் ஓடிக்கொண்டே மீன் பிடிக்கும் பென்குயின். அது ஒவ்வொரு நிலையத்தையும் அடையும்போது ஒரு நாட்டுக் கொடி ஏறும். வகைவகையான ஆட்களோடு ஒண்டிக்கு ஒண்டி மோதும் யீ ஆர் குங்ஃபூ. கடைசியாக கான்ட்ரா. இந்த ஐந்தையும் உருவாக்கியது ஒரே கம்பெனி, ஜப்பானின் கொனாமி. அப்போது நமக்கு இது தெரியுமா?

தெரிந்திருக்க வழியில்லை. பல திருட்டு கேசட்களில் முதல் திரையில் இருந்த கம்பெனி பெயரை அழித்துவிட்டுத்தான் விற்றார்கள். ஆனால் ஒன்றை அழிக்கவில்லை. ரோடு ஃபைட்டரில் எதிலும் மோதாமல் கொஞ்ச தூரம் போனால், சாலையோரமாக ஒருவர் கையை நீட்டிப் பறந்து வருவார், பாயின்ட் ஏறும். நாமெல்லாம் அவரை சூப்பர்மேன் என்று அடித்துச் சொன்னோம். அவர் பெயர் கொனாமி மேன்! தங்கள் பெயரையே ஒரு பாத்திரமாக்கிப் பறக்கவிட்டிருக்கிறார்கள்.

இந்தக் கம்பெனியின் கதையில் நம் வீட்டுக்கு வேண்டிய ஒரு விஷயம் இருப்பதால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

1969-ல் காகெமாசா கோசுகி என்பவர் ஒசாகா பக்கம் தொடங்கியது இது. முதலில் செய்தது ஜூக்பாக்ஸ் வாடகை, ரிப்பேர். காசு போட்டால் பாட்டுப் பாடும் பெட்டிதான் ஜூக்பாக்ஸ். அப்புறம் காசு போட்டு விளையாடும் மெஷின்கள். கடைத்தெருவில் நிற்கும் அந்த மெஷினுக்கு வருமானம் எப்போது? ஆடுகிறவன் சீக்கிரம் தோற்றால்தான். மூன்று லைஃப் போனதும் இன்னொரு காசு. 1987-ல் கான்ட்ரா முதலில் வந்ததும் அப்படிப்பட்ட மெஷினில்தான். அது ஏன் அவ்வளவு கஷ்டம் என்பதற்குக் காரணம் அந்தக் காசு போடும் ஓட்டையில் இருக்கிறது.

இதற்கிடையே 1983 ஜூலையில் நின்டெண்டோ என்ற கம்பெனி வீட்டு டிவியில் மாட்டும் ஃபேமிகாம் பெட்டியை 14,800 யென்னுக்கு விற்கத் தொடங்கியது. கொனாமி தன் மெஷின் ஆட்டங்களை ஒவ்வொன்றாக அதற்கு கேசட்டாக்கியது. 1988 பிப்ரவரியில் கான்ட்ராவும் கேசட்டாக வந்தது. கஷ்டம் அப்படியே இருந்தது, காசு ஓட்டை மட்டும் காணாமல் போனது. வாங்கும்போது கொடுத்ததோடு சரி. ஆயிரம் தடவை செத்தாலும் அந்த கேசட் உங்களிடம் ஒரு பைசா கேட்காது.

நம் ஊருக்கு இந்தப் பெட்டி நேர்வழியில் வந்து சேரவில்லை. நின்டெண்டோ அனுமதியோடு 'சாமுராய்' என்ற பெயரில் ஒரு பெட்டி இந்தியாவில் விற்றது, பெரிய ஊர்களைத் தாண்டி அதிகம் வரவில்லை. 1995-ல் சேகா கம்பெனி, 80 சதவீத இறக்குமதி வரியைச் சமாளிக்க ஷா வாலஸ் நிறுவனத்தோடு கைகோத்து இங்கே இறங்கியது. அப்படியும் ஒரு பெட்டி 18,000 ரூபாய். டேனரிக் கூலியில் எந்தக் குடும்பம் அதை வாங்கும்? அந்த இடைவெளியில்தான் நகல் பெட்டிகள் வீடு வீடாக நுழைந்தன. அப்புறம் 2006 செப்டம்பரில் தமிழக அரசு இலவச கலர் டிவி கொடுக்க ஆரம்பித்தது. பதினான்கு அங்குல டிவி வந்த பல வீடுகளில், அதன் பின்னால் முதலில் மாட்டப்பட்ட ஒயர் கேபிள் டிவியுடையது, இரண்டாவது வீடியோ கேமுடையது.

இங்கே ஒரு உண்மையை ஒளிக்காமல் பேசிவிடலாம். அவையெல்லாம் டூப்ளிகேட். நாம் கொடுத்த காசில் கொனாமிக்கு ஒரு பைசா போகவில்லை. டூப்ளிகேட் என்றால் என்னவென்று நம் ஊருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆம்பூரில் தைத்து அட்டைப் பெட்டியில் அடுக்கி ஐரோப்பாவுக்குப் போகிற ஷூவில் ஒரு தையல் கோணினால் ரிஜெக்ட். அதே பிராண்ட் பெயரைப் போட்ட போலி ஷூ பஸ் ஸ்டாண்டு நடைபாதையில் கிடைக்கும். வித்தியாசம் நம் கைக்குத் தெரியும்.

இன்னொன்றும் நம் கைக்குத் தெரியும். ஷூவில் பிராண்ட் பெயர் இருக்கும், தைத்தவர் பெயர் இருக்காது. அந்தக் கால ஜப்பான் கேம் கம்பெனிகள் பலவற்றிலும் கிட்டத்தட்ட இதே கதை. நல்ல ஆட்களைப் போட்டி கம்பெனி இழுத்துக்கொண்டுவிடும் என்று பயந்து, உருவாக்கியவர்களின் சொந்தப் பெயரைப் போட விடமாட்டார்கள். கேசட் கான்ட்ராவை உருவாக்கிய ஷிகெஹாரு உமெசாகியின் பெயர் கடைசித் திரையில் 'உமெச்சான்' என்று செல்லப்பெயராகத்தான் வரும். நம் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் என்ன? கேம் என்பது போனுக்குள் தானாக முளைப்பது இல்லை, யாரோ ஒருவர் ராத்திரி பகலாக உட்கார்ந்து செய்வது என்று தெரிந்தால், 'நானும் செய்யலாமா' என்று ஒரு பிள்ளையாவது கேட்காதா?

அப்படிச் செய்தவர்களில் ஒருவர் கசுஹிசா ஹாஷிமோட்டோ. 1986-ல் கிராடியஸ் என்ற ஆட்டத்தை கேசட்டுக்கு மாற்றும் வேலை அவருக்கு. சோதித்துப் பார்க்கக் கடைசி வரை விளையாட வேண்டும், அவராலேயே முடியவில்லை. அதனால் தனக்காக ஒரு குறுக்கு வழி வைத்துக்கொண்டார். மேலே மேலே, கீழே கீழே, இடது வலது, இடது வலது, பி, ஏ. அதை எடுக்காமலேயே ஆட்டம் வெளியாகிவிட்டது. பிறகு கான்ட்ராவில் அதே பட்டன் வரிசையைப் போட்டால் மூன்று லைஃபுக்குப் பதில் முப்பது. இன்டர்நெட் இல்லாத காலத்தில் அந்த ரகசியம் உலகம் சுற்றியது. ஹாஷிமோட்டோ 2020 பிப்ரவரியில் காலமானார். உலகப் பத்திரிகைகள் எல்லாம் அந்தப் பத்துப் பட்டனைச் சொல்லித்தான் அஞ்சலி எழுதின.

சரி, இவ்வளவு பழங்கதை எதற்கு?

கான்ட்ராவின் மூன்றாவது ஸ்டேஜ் அருவி. பாறை பாறையாகத் தாவி மேலே ஏற வேண்டும். இருவர் ஆடும்போது ஒருவர் வேகமாக ஏறிவிட்டால் திரையும் அவரோடு மேலே போய்விடும். கீழே நிற்கிறவருக்கு ஒரு லைஃப் போச்சு. எத்தனை வீட்டில் அண்ணன் தம்பி சண்டை இந்த அருவியில் ஆரம்பித்திருக்கிறது! "இருடா, நான் வரேன்", "நீ சீக்கிரம் வாடா" என்று கத்திக் கத்தி, நாலு நாளில் பெரியவன் தானாகவே நின்று காத்திருக்கப் பழகிவிடுவான். யாரும் உபதேசம் செய்யவில்லை. ஆட்டத்தின் அமைப்பு அப்படி.

அதோடு, விளையாடியது ஹாலில். அடுப்படியிலிருந்து அம்மாவுக்கு சத்தம் கேட்கும். பாட்டி சீரியல் நேரம் வந்தால் பெட்டியைக் கழற்றியே ஆக வேண்டும். சேவ் செய்யும் வசதி பெரும்பாலும் கிடையாது. கரன்ட் போனால் முதலிலிருந்துதான். 2012 வாக்கில் இருந்த மின்வெட்டை நினைத்துப் பாருங்கள். எத்தனை பேருடைய கடைசி ஸ்டேஜை மின்வாரியம் முடித்து வைத்தது! எரிச்சல்தான். ஆனால் ஆட்டத்துக்கு ஒரு முடிவு இருந்தது.

இன்றைய போன் கேமில் அந்தக் காசு ஓட்டை திரும்ப வந்துவிட்டது. இலவசம் என்று டவுன்லோட் ஆகும், பிறகு காயின், டயமண்ட், உடை, துப்பாக்கி என்று ஒவ்வொன்றாக விலை சொல்லும். அந்தக் காலத்தில் மெஷினில் போட நம் பையில் இருந்த சில்லறை தீர்ந்தால் ஆட்டமும் தீர்ந்தது. இப்போது பையனின் கையில் இருப்பது அம்மாவின் சம்பளம் ஏறும் கணக்கு. நம்ம கொனாமியும் இதில் சாமியார் இல்லை. அதன் இ-ஃபுட்பால் போனில் இலவசம், உள்ளே காயின் விற்பனை. லாஸ் வேகஸ் சூதாட்ட விடுதிகளுக்கு ஸ்லாட் மெஷின் செய்து விற்கிற தனிக் கிளையே அந்தக் கம்பெனிக்கு உண்டு. ஜூக்பாக்ஸில் தொடங்கியவர்கள் காசு ஓட்டையை விடவேயில்லை. நடுவில் சில வருஷம், வீட்டு கேசட்டில் மட்டும் அது மூடியிருந்தது. நம் அதிர்ஷ்டம், நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தது அந்த வருஷங்களில்.

சட்டம் வந்திருக்கிறதே என்று கேட்பீர்கள். ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிரான தமிழக அரசின் சட்டம் 2022-ல் சட்டமன்றத்தில் நிறைவேறி 2023-ல் ஒப்புதல் பெற்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆட்டங்களைத் தடை செய்தது. நல்லதே. ஆனால் டயமண்ட் வாங்குவது அந்தக் கணக்கில் வராது. அதை வீட்டில்தான் கவனிக்க வேண்டும். பிளே ஸ்டோரில் எதை வாங்கினாலும் பாஸ்வேர்டு கேட்கும்படி வைத்துவிடுங்கள். யூபிஐ பின் நம்பரை, "கடைக்குப் போய் பால் வாங்கி வா" என்று சொல்லும் அவசரத்திலும் பிள்ளையிடம் சொல்லாதீர்கள்.

அடுத்தது என் யோசனை. கேமைப் பிடுங்குவதற்குப் பதில் ஹாலுக்குக் கொண்டுவந்தால் என்ன?

பழைய ஆட்டங்களை இன்று நேர்மையாகவே வாங்கலாம். 2019-ல் கொனாமி தன் பழைய கான்ட்ரா ஆட்டங்களைத் திரட்டி ஒரே தொகுப்பாக வெளியிட்டது. ஓரளவு நல்ல கம்ப்யூட்டர் இருந்தாலே போதும், ஒரு தடவை காசு கட்டினால் முடிந்தது. கம்ப்யூட்டரை டிவியோடு இணைத்து இரண்டு கைப்பிடி மாட்டினால் இருவர் ஆடலாம். கடைகளில் ஆயிரம் ரூபாய்க்குள் 'நானூறு கேம்' என்று விற்கும் குட்டிப் பெட்டிகளும் கண்ணில் படும். அவை பெரும்பாலும் நம் பழைய மஞ்சள் கேசட்டின் பேரப்பிள்ளைகள், அதாவது டூப்ளிகேட். வாங்குவதும் வாங்காததும் உங்கள் மனசாட்சி. நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

பரணில் பழைய பெட்டி தூங்கிக்கொண்டிருக்கிறதா? அதோடு வந்த பிளாஸ்டிக் துப்பாக்கியை எல்இடி டிவி முன் நீட்டிப் பார்த்துவிட்டு ரிப்பேர் கடைக்கு ஓடாதீர்கள். துப்பாக்கியில் கோளாறு இல்லை. வாத்து சுடும் ஆட்டத்தில் விசையை அழுத்தியதும் திரை ஒரு நொடியின் சிறு பங்குக்குக் கறுத்து, வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாக மாறும். துப்பாக்கி முனையில் இருக்கும் ஒளி உணரி அந்த வெள்ளையைப் பார்த்தால் வாத்து விழும். இந்தக் கணக்கு பழைய குண்டு டிவியின் வேகத்துக்கு மட்டுமே ஒத்துவரும். புது டிவியில் படம் கொஞ்சம் தாமதமாக வருவதால் ஒரு வாத்துகூட விழாது.

நேரம் கிடைக்காது என்பீர்கள். கம்பெனி விட்டு வந்து, சோறு வடித்து, துணி துவைத்து, அப்புறம் கேமா? எனக்குப் புரிகிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் பிரியாணி முடிந்த பிறகு அரை மணி நேரம் போதும். இரண்டாவது கைப்பிடியை நீங்கள் எடுங்கள். அம்மா விளையாடுவாள் என்பதையே பிள்ளைகள் நம்பமாட்டார்கள். அருவி ஸ்டேஜில் யார் யாருக்காக நிற்கிறார்கள் என்று பார்த்து எனக்கு எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன். முப்பது லைஃப் ரகசியத்தை மட்டும் முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்