முதலிடம் விலைக்கு வருமா?

காரைக்கால் மாங்கனித் திருவிழாவுக்கு வருவோர் இன்று தங்குமிடத்தைக் கைப்பேசியில் தேடுகின்றனர். "பணம் கொடுத்தால் நம் விடுதி முதலில் வருமா?" என்பது வணிகர் கேள்வி. விளம்பர இடத்தை வாங்கலாம். அது விளம்பரம் என்றே குறிக்கப்பட்டிருக்கும். மற்ற வரிசையைக் கூகிள் விற்பதில்லை.

1998-இல் லாரி பேஜும் செர்ஜி பிரினும் விளக்கிய முறையில், பிற பக்கங்கள் தரும் இணைப்புகள் வாக்குகள் போன்றவை. மதிப்புள்ள பக்கத்தின் வாக்குக்கு எடை அதிகம். பின்னர் வேறு பல அளவுகோல்களும் சேர்ந்தன. கள்ள வாக்குப் போல இணைப்புகளை விலைக்கு வாங்கியோரை 2012-இல் 'பெங்குவின்' என்ற திருத்தம் பின்னுக்குத் தள்ளியது.

ஆகவே, "முதலிடம் உறுதி" என்போரை நம்ப வேண்டாம். வாடகை, முகவரி, கோயிலிலிருந்து தூரம் ஆகியவற்றைத் தேடுவோர் சொற்களிலேயே தெளிவாக எழுதுவதே நேர்வழி. உங்கள் தெருக் கடைக்காரருக்கு அதை நீங்களே எழுதித் தரலாம் அன்றோ?