குடிசை மண் யாருடையது?

சோழர் காலம் பொற்காலமாம்! மண்ணோடு கட்டுண்ட பண்ணையடிமைகள் ஐரோப்பாவில்தான் இருந்தார்களாம். நம் நாட்டில் எல்லோரும் சுகமாய் வாழ்ந்தார்களாம்! இன்னும் சிலர் மேடையேறி இப்படிப் பேசி வருகிறார்கள். பொற்காலம் யாருக்கு என்றுதான் நாம் கேட்கிறோம்.

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் விட்ட கிராமங்களில் எந்தெந்த நிலத்துக்கு வரியில்லை என்று கல்லில் வெட்டியிருக்கிறது. அதிலே ஊர் நத்தம் வேறு, பறைச்சேரி வேறு, தீண்டாச்சேரி வேறு. நெல் கோயிலுக்குள்ளே; நட்டவன் ஊருக்கு வெளியே!

1201-ல் திருப்பாம்புரத்தில் ஒரு வெள்ளாளரும் அவருடைய இரண்டு பெண்களும் பஞ்சம் தாங்காமல் 110 காசுக்குக் கோயிலுக்கே அடிமையாய் விலைப்பட்டார்கள். பசியென்று வந்தவர்களை விலை பேசி வாங்கிய சாமிக்குக் கருணாமூர்த்தி என்று பெயர்! வெள்ளாளர் கதியே இதுவானால் சேரியில் கிடந்தவன் கதியைக் கேட்க வேண்டுமா?

இங்கிலாந்திலும் பண்ணையடிமை இருந்தான். ஆனால், அவன் உரிமைபெற்ற ஒரு பட்டணத்துக்கு ஓடிப்போய் ஒரு வருஷமும் ஒரு நாளும் இருந்துவிட்டால் விடுதலை என்ற வழக்கம் அங்கே இருந்தது. 1381-ல் குடியானவர்கள் திரண்டு லண்டனுக்குள்ளேயே புகுந்தார்கள். நம்மவன் எந்தப் பட்டணத்துக்கு ஓடினாலும் அவனுடைய ஜாதி அவனுக்கு முன்னே போய் உட்கார்ந்திருந்ததே! போதாக்குறைக்கு, "போன ஜன்மத்துப் பாவம், அனுபவி" என்று உபதேசம் வேறு.

வெகுதூரம் போவானேன்? நம் கரையான்சாவடி, பூந்தமல்லி எல்லாம் பழைய செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தவை. அந்த ஜில்லாவில் மிராசுதாரன் வைத்ததே சட்டம். கலியாணத்துக்கு வாங்கிய சொற்பக் கடனுக்காகப் படியாள் ஆயுள் முழுதும் உழைத்தான். அடிமைத்தனம் செல்லாது என்று 1843-ல் சட்டம் வந்தது. வந்து என்ன? படியாளின் குடிசை நின்ற மண் மிராசுதாரனுடையது. தரிசு நிலத்துக்குத் தர்க்காஸ்து கொடுத்தால், "குடிசையைப் பிரித்துக்கொண்டு போடா" என்பான். இந்தக் கொடுமையை 1891-ல் கலெக்டர் திரமென்ஹீர் சர்க்காருக்கு எழுதினார். அதன்பேரில் 1892-ல் தரிசு நிலத்தைத் தாழ்த்தப்பட்டவர்களுக்கு ஒதுக்க உத்தரவாயிற்று. அதுதான் பஞ்சமி நிலம். குடியிருக்கும் மனை குடியிருப்பவனுக்கே சொந்தம் என்று சட்டம் வரவோ 1971 ஆயிற்று. அடிமை ஒழிந்ததாகச் சொல்லி 128 வருஷங்களுக்குப் பிறகு!

இன்று இந்தப் பக்கத்து நிலம் பொன் விலை விற்கிறது. தோழர்கள் அவரவர் ஊரில் பஞ்சமி நிலம் எத்தனை ஏக்கர் இருந்தது, இப்பொழுது அது யார் பேரில் பட்டாவாகியிருக்கிறது என்று தாலுகா ஆபீசில் எழுதிக் கேட்கட்டும். பொற்காலக்காரர்களையும் கூடவே அழைத்துப் போகட்டும்.