கமாண்டோக்களுக்கு முன்னே போனவர்

'பாஸ்கால்' படம் 2018-இல் வந்த பிறகு, நம் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கமாண்டோ என்றால் கடற்படைதான். கறுப்பு உடை, ரப்பர் படகு, இருட்டில் பாய்ச்சல். ஆனால் நம் பேராக் மாநிலத்துக்குள் பயங்கரவாத எதிர்ப்புப் படை வந்து இறங்கிய கதை படத்தில் வராது. அது கடலில் நடந்ததுமல்ல. பாரிட் புந்தாரிலிருந்து தைப்பிங் வழியாகக் கோலகங்சார் போய், கிரிக் சாலையில் திரும்பினால் சாவுக் வரும். அங்கே புக்கிட் ஜெனாலிக் என்றொரு குன்று.

2000 ஜூலை 2, விடியும் நேரம். கிரிக் வட்டாரத்தில் அஸ்கார் வாத்தானியா என்னும் தொண்டர் படையின் இரண்டு முகாம்கள். இராணுவப் பச்சை பூசிய பஜேரோ வண்டிகள் வந்து நின்றன. இறங்கியவர்கள் அதிகாரி உடையில் இருந்தார்கள்; திடீர் சோதனை என்றார்கள். காவலில் இருந்தவர்கள் உடையையும் பட்டையையும் பார்த்து நம்பிவிட்டார்கள். ஒரு தோட்டா செலவில்லாமல் நூறை நெருங்கும் எம்-16 துப்பாக்கிகள், இயந்திரத் துப்பாக்கிகள், கையெறி குண்டு ஏவிகள், ஆயிரக்கணக்கான தோட்டாக்கள் வண்டியில் ஏறின. வந்தவர்கள் அல்-மவுனா என்ற கூட்டத்தார். தலைவன் முகமட் அமின் ரசாலி.

இப்படிப்பட்ட நேரத்துக்கென்றே நாடு வளர்த்து வைத்திருக்கும் படைகள் உண்டு. வானொலிச் செய்தியில் எல்லாருமே 'கமாண்டோ' ஆகிவிடுகிறார்கள். உண்மையில் சாவுக்கிற்கு வந்தது இரண்டு வெவ்வேறு வீட்டுப் பிள்ளைகள். ஒன்று இராணுவத்தின் கெராக் காஸ். இந்தோனேசியாவுடன் மோதல் நடந்த 1965-இல், பிரிட்டிஷ் ராயல் மரீன் கமாண்டோக்களின் கீழ் ஒரு சிறு குழுவாகத் தொடங்கியது. இன்று ஒரு பிரிகேட் அளவுக்கு வளர்ந்து, மலாக்கா சுங்கை ஊடாங்கைத் தாய்வீடாகக் கொண்டிருக்கிறது. அதற்குள் 21, 22 என்று இரண்டு கமாண்டோ ரெஜிமென்ட்கள்; பயங்கரவாத எதிர்ப்புக்கென்று தனியாக 11-ஆவது ரெஜிமென்ட்.

இன்னொன்று போலீஸின் வாட் 69. இது ஈப்போவுக்குப் பக்கத்தில் உலு கிந்தாவில் இருக்கிறது. சொல்லப்போனால் நம்ம ஊர்ப் படை. 1969-இல் அமைத்தபோது பயிற்சி தந்தவர்கள் பிரிட்டனின் 22 எஸ்.ஏ.எஸ். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்த 22 எஸ்.ஏ.எஸ்ஸே மலாயாக் காட்டில் பிறந்ததுதான். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டு அவசரகாலம் பிறந்தது. பால்வெட்டுக்குக் கிளம்பும் நம் பாட்டிமாரின் சாப்பாட்டுத் தூக்கில், காட்டில் இருப்பவர்களுக்கு அரிசி போகிறதா என்று வாசலில் சோதித்த காலம் அது. அந்தச் சண்டைக்காக 1950-இல் 'மலாயன் ஸ்கவுட்ஸ்' என்ற படையைக் கட்டினார்கள்; 1952-இல் அதுவே 22 எஸ்.ஏ.எஸ். ஆனது. இன்று உலகம் முழுக்க முன்மாதிரியாகக் காட்டும் படை, இங்கே அட்டைக்கடியில் பாடம் படித்து, அந்தப் பாடத்தை மறுபடியும் இங்கேயே வந்து சொல்லிக் கொடுத்தது.

சாவுக்கிற்கு வருவோம். கமாண்டோக்கள் குன்றைச் சுற்றி வளைப்பதற்கு, துப்பாக்கிகள் அங்கேதான் இருக்கின்றன என்று முதலில் தெரிந்தாக வேண்டுமே. அதற்காகப் போனவர்களில் ஒருவர் ஆர். சகாதேவன். போலீஸ் சிறப்புப் பிரிவில் துப்பறியும் கார்ப்பரல். கமாண்டோ அல்ல. அவரும் இன்னொரு போலீஸ்காரரும் பிடிபட்டார்கள். பழத்தோட்டத்துக்குப் போன ஓர் உள்ளூர்க்காரரும் மாட்டிக்கொண்டார். நான்காவதாக, 22-ஆவது கமாண்டோ ரெஜிமென்டைச் சேர்ந்த சரவாக் இளைஞர் மேத்யூ அனாக் மேடான். சகாதேவனும் மேத்யூவும் அந்தக் குன்றிலேயே கொல்லப்பட்டார்கள்.

ஜூலை 6-இல் எல்லாம் முடிந்தது. பெரிய துப்பாக்கிச் சண்டையால் முடிந்தது என்று நினைப்போம். சூடு நடந்தது உண்மை. ஆனால் இராணுவத்தின் லெப்டினன்ட் ஜெனரல் ஜைனி முகமட் சைட்டும், வாட் 69-இன் ஏ.எஸ்.பி. அப்துல் ரசாக் முகமட் யூசோப்பும் ஆயுதம் ஏந்தியவர்களின் எதிரே போய் நின்று பேசியதுதான் திருப்பம். இருவருக்கும் நாட்டின் மிக உயர்ந்த வீர விருதான ஸ்ரீ பஹ்லவான் காகா பெர்காசா. சகாதேவனுக்கும் மேத்யூவுக்கும் மறைவுக்குப் பின் காகா பெரானி பதக்கம்.

சுங்கை ஊடாங்கில் கமாண்டோ அடிப்படைப் பயிற்சி ஏறக்குறைய மூன்று மாதம்: முகாம், காடு, சதுப்பு, கடல், கடைசியில் எதிரியிடம் பிடிபடாமல் தப்பும் கட்டம். பிடிபட்டால் விசாரணையைத் தாங்கவும் அங்கே பழக்குகிறார்கள். மகன் சீருடை போட ஆசைப்பட்டால், "ஓடத் தெரியுமா, சுடத் தெரியுமா" என்றுதான் நம் வீடுகளில் கேட்கிறோம். யாருக்கும் தெரியாமல் ஒரு கம்பத்துக்குள் போய் விசாரித்து வரும் வேலையும் அதே சீருடையின் வேலைதான். அதற்குப் படம் எடுப்பார் இல்லை.

அல்-மவுனா கூட்டத்தார் 29 பேர் மீது, மாமன்னருக்கு எதிராகப் போர் தொடுத்ததாகக் குற்றவியல் சட்டம் 121-ஆவது பிரிவில் வழக்கு. தலைவன் 2006 ஆகஸ்ட்டில் தூக்கிலிடப்பட்டான். குன்றில் உயிர் தப்பிய அந்தப் போலீஸ்காரரும் தோட்டக்காரரும் கோலாலம்பூர் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்கள். சகாதேவனின் கடைசி மணி நேரங்கள் பற்றி நாடு அறிந்ததெல்லாம் அவர்கள் வாய்வழி வந்ததே.