புது கோச் வந்தா மட்டும் போதுமா?

காபி, மிளகுன்னு எழுதிக்கிட்டிருந்த ஆளு திடீர்னு ஃபுட்பால் பத்தி எழுதுறானேன்னு நினைக்காதீங்க. காரணம் இருக்கு.

போன ஞாயித்துக்கிழமை எங்க வெள்ளக்கடை பசங்க டீக்கடை முன்னாடி ஒரே சண்டை. தொடர்ந்து நாலு டோர்னமெண்ட்ல முதல் ரவுண்டுலயே தோத்துட்டு வந்திருக்காங்க. "கீழ சேலத்துல இருந்து நாலு பேரைக் காசு கொடுத்துக் கூட்டியாரலாம்"னு ஒரு கட்சி. "டீமையே கலைச்சிடலாம்"னு இன்னொரு கட்சி. "நீங்க சொல்லுங்கண்ணா"ன்னு என்கிட்ட வந்தாங்க. நான் சொன்னது சென்னையின் எஃப்சி கதை.

2015-லயும் 2017-18 சீசன்லயும் ஐஎஸ்எல் கோப்பையை ஜெயிச்ச டீம் அது. அடுத்த சீசனே, 2018-19-ல, வெறும் 9 புள்ளியோட கடைசி இடம். 2019-20-ம் அப்படித்தான் ஆரம்பிச்சது. முதல் நாலு மேட்ச்ல ஒரு கோல்கூட இல்லை. ஆறு மேட்ச் முடிஞ்சப்போ 4 கோல், 5 புள்ளி. கோப்பை வாங்கிக் கொடுத்த ஜான் கிரிகரியே பதவியை விட்டு விலகினார்.

டிசம்பர்ல ஓவன் காய்ல் வந்தார். ஸ்காட்லாந்துக்காரர், 2009-ல பர்ன்லி டீமை இங்கிலாந்து பிரீமியர் லீக்குக்கு ஏத்தினவர். அவர் கைக்கு வந்தது பெரும்பாலும் அதே ஆளுங்கதான். அதே வால்ஸ்கிஸ், அதே கிரிவெல்லாரோ, அதே சாங்தே, அதே தாபா. ஆனா மிச்சம் இருந்த 12 லீக் மேட்ச்ல 28 கோல், 24 புள்ளி! நாலாவது இடம் பிடிச்சு, அரையிறுதியில கோவாவை ரெண்டு மேட்சும் சேர்த்து 6-5-னு தாண்டி, ஃபைனலுக்கே போயிட்டாங்க. 2020 மார்ச் 14-ம் தேதி, கொரோனாவால ஆளே இல்லாத மைதானத்துல, ஏடிகே கிட்ட 3-1-னு தோத்தாங்க. வால்ஸ்கிஸ் 15 கோல் போட்டுத் தங்கக் காலணி வாங்கினார்.

நம்ம தொழில்ல இது புரியாத விஷயமா? காபி காய்ப்பு கொறைஞ்சா எல்லாத்தையும் பிடுங்கிட்டு புது நாத்து வெச்சா, பலன் பார்க்க மூணு நாலு வருஷம் ஆகும். கவாத்து பண்ணி, சில்வர் ஓக் கிளையைக் கழிச்சு வெளிச்சம் விட்டா அதே செடி துளிர்க்கும். காய்ல் பண்ணது அந்த வேலைன்னுதான் நான் நினைக்கிறேன். பயந்து பின்னாடி நின்ன டீமை முன்னாடி போகச் சொன்னார். கோல் போடத் தெரிஞ்சவனுக்குப் பந்து போய்ச் சேர வழி பண்ணார்.

ஆனா கதையோட மறுபாதியையும் சொல்லணும். அந்த சீசன் முடிஞ்சதும் காய்ல் ஜாம்ஷெட்பூருக்குப் போயிட்டார், வால்ஸ்கிஸும் அங்கேயே போனார். 2021-22-ல ஜாம்ஷெட்பூர் லீக் ஷீல்டை ஜெயிச்சது. சென்னை? மூணு சீசன், மூணு புது கோச், மூணு தடவையும் எட்டாவது இடம். கோச்சை மாத்துறதே வைத்தியம்னா இந்நேரம் முதலிடத்துல இருந்திருக்கணுமே!

2023-ல காய்லையே திரும்பக் கூட்டிட்டு வந்தாங்க. முதல் வருஷம் ஆறாவது இடம், பிளே-ஆஃப். அடுத்த வருஷம் பதினோராவது இடம். அதே மனுஷன்தான். தண்டுத் துளைப்பான் உள்ளே போன செடியை எவ்வளவு நல்லா கவாத்து பண்ணாலும் என்ன ஆகும்? ஆளுங்களைச் சேர்க்கிறதுல, பிடிச்சு வெச்சுக்கிறதுல கோட்டை விட்டா எந்தக் கோச்சும் மந்திரம் போட முடியாது.

2025-ல கோவாக்காரர் கிளிஃபோர்ட் மிராண்டா கையில பொறுப்பு வந்தது. 2023-ல ஒடிஷாவை சூப்பர் கப் ஜெயிக்க வெச்சவர். நம்ம ஊர் ஆட்டக்காரங்களை நம்ம நாட்டுக்காரர் நல்லாப் புரிஞ்சுக்குவார்னு எனக்கு நம்பிக்கை இருக்கு. நிர்வாகத்துக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: யாரை எடுக்கணும், யாரை விடக்கூடாதுங்கறதுல கோச் பேச்சைக் கேளுங்க. ரெண்டு சீசனாவது விடுங்க. நாலு மேட்ச் தோத்ததும் கத்தியைத் தூக்காதீங்க.

பசங்ககிட்டயும் இதைத்தான் சொன்னேன். காசு கொடுத்துக் கூட்டியார்ற ஆளு ஒரு மேட்ச் ஆடிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடிச்சு இறங்கிடுவான். அடுத்த வாரம் பழையபடி நீங்கதான் ஆடணும். நம்ம ஊர்லயே முன்னாடி நல்லா ஆடினவர் ஒருத்தர் இப்போ எஸ்டேட் வேலைக்குப் போறார். அவரைக் கேளுங்க, சொல்றதைக் கேட்டு ஆடுங்க, அடுத்த பொங்கல் வரைக்கும் அவரை யாரும் குறை சொல்லாதீங்கன்னேன்.

ரெண்டு பேர் முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு போயிட்டாங்க. மத்தவங்க அன்னிக்கு சாயந்திரமே அவர் வீட்டுக்குப் போனாங்களாம். காபிப் பழம் எடுக்கிற நேரம், ஞாயித்துக்கிழமை மட்டும்தான் வர முடியும்னு சொல்லியிருக்கார். போதும். ஆரம்பிக்க ஒரு நாள் போதும்.

உங்க ஊர் டீம் எப்படி இருக்கு?